புழு போன வழி

—தொடாதே. முதல்ல கையைக் கழுவிட்டு வா.

—அக்கா, நான் விருந்துக்கு வரலை. இன்ஸ்பெக்டரா வந்திருக்கேன்.

—இன்ஸ்பெக்டர்னா கை சுத்தமாயிடுமா? நூத்தம்பது வருஷத்துப் புத்தகம்டா. இந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. குழாய் அங்க இருக்கு.

—... கழுவியாச்சு. போதுமா? சட்டுபுட்டுனு சொல்லு. ஸ்டேஷன்ல வேலை கிடக்கு.

—என்ன வேலை? சாவி அண்ணனை இன்னும் நாலு சாத்து சாத்தணுமா?

—யாரும் சாத்தலை.

—அவர் சம்சாரம் காலையிலேர்ந்து நம்ம லைப்ரரி வாசப்படியில உக்காந்திருக்கு. நேத்து உங்க லாக்கப்ல பார்த்தப்போ கன்னம் வீங்கியிருந்துச்சாம். பன்னெண்டு வருஷமா இந்த அலமாரிச் சாவியை இடுப்புல கட்டிக்கிட்டே திரிஞ்சவர். அதுவே பேரா நிலைச்சுப் போச்சு. இங்க ஒரு பென்சில்கூடத் தொலைஞ்சதில்லை.

—சாவி அவன்கிட்ட இருந்துச்சு. புத்தகத்தைக் காணோம். வேற யாரைப் பிடிக்கிறது... உன்னையா?

—அவன் இல்லை, அவர். உன்னைவிடப் பெரியவர்.

—சரி, அவர். நாளைக்குக் காலையில கோர்ட்டுல நிறுத்தணும். அதுக்குள்ள நீ சொல்ல வந்ததைச் சொல்லு.

—இந்த மூணையும் பாரு. மூலிகைப் புத்தகம், மூணு பாகம். போன வாரம் ஒரு ஆராய்ச்சிக்காரர் ரெண்டாம் பாகத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டு, அட்டைதான் பழசு, உள்ள இருக்கிறது பிற்காலத்து மறுபதிப்புன்னு...

—தெரியும் தெரியும். புகார் என் மேசையிலதான் கிடக்கு. அசலை உருவிட்டுப் போலியை வச்சிருக்காங்க.

—படிச்சே. பார்த்தியா? ஒண்ணாம் பாகத்துல கடைசிப் பக்கத்தைத் திருப்பு. மெதுவா... மெதுவாடா, அது என்ன கேஸ் கட்டா? என்ன தெரியுது?

—ஓட்டை. புழு தின்னிருக்கு.

—மூணாம் பாகத்துல முதல் பக்கம்?

—அதே இடத்துல ஓட்டை.

—இந்த மூணையும் எப்பவும் ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வச்சுத்தான் இருக்கும். இப்போ நடுவுல இருந்த போலியைத் திற.

—... இதுலயும் இருக்கு.

—முன் அட்டையில நுழைஞ்சு, ஒரு பக்கம் விடாம துளைச்சுக்கிட்டு, பின் அட்டை வழியா வெளிய போயிருக்கு. அப்போ என்ன அர்த்தம்? புழு வந்தப்போ போலி இங்கதான் இருந்திருக்கு.

—போன மாசம் வந்திருக்கும்.

—இந்த அறைக்குள்ள வராது. புகை போட்டு, மருந்தடிச்சு, இரும்பு அலமாரி மாத்தி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு புழு கிடையாது, பதிவேட்டுல இருக்கு; நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து வருஷா வருஷம் நானே பூச்சி இருக்கான்னு பார்க்கறேன். சாவி அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததோ பன்னெண்டு வருஷம் முன்னாடி. புரியுதா, இல்ல விரல் விட்டு எண்ணணுமா?

—புழுவைச் சாட்சிக்கூண்டுல ஏத்தச் சொல்றியா?

—நக்கலை உன் ஸ்டேஷனோட வச்சுக்கோ. எனக்கு வயிறு எரியுது.

—கோர்ட்டுல சிரிப்பாங்க அக்கா.

—சிரிக்கட்டும்... ஏன்டா, இவ்வளவு சொல்றேன், உன் மூஞ்சியில ஒரு ஆச்சரியத்தையே காணோமே.

—விடு.

—இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த அறைச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?

—கேக்காதே.

—போலீஸ் நீ. நீ கேக்க வேண்டியதை நான் கேக்கறேன்.

—வெளிய ஹால்ல அப்பா படத்தை மாட்டி, இந்த நூலகத்தைக் கட்டிக் காத்தவர்னு எழுதி வச்சிருக்காங்க. அதைக் கழட்டி மூலையில போடுவாங்க. அதுதான் வேணுமா உனக்கு?

—படத்தைக் கழட்டினா சுவத்துக்குக்கூட வலிக்காது. உள்ள கிடக்கிற மனுஷனுக்கு வலிக்கும்.

—அப்பா திருடர் இல்லை.

—நான் அப்படிச் சொன்னேனா?

—அவர் அதை விக்கவே இல்லை. யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் இல்லை.

—... அது உனக்கு எப்படித் தெரியும்?

—சும்மா... ஒரு நம்பிக்கைதான்.

—என்கிட்டயே கதை விடறியா? புத்தகம் எங்கடா?

—கத்தாதே. அந்தம்மாவுக்குக் கேக்கும்.

—கேக்கட்டும். எங்க இருக்கு?

—என் பீரோல. அப்பா போனப்புறம் அவர் பெட்டியில கிடைச்சுது. மூணு வருஷமாச்சு.

—அதை வீட்டுல பூட்டி வச்சுக்கிட்டு இங்க அந்த மனுஷனை அடிச்சிருக்கே.

—நான் அடிக்கலை. கான்ஸ்டபிள் ஒருத்தன்...

—நீ தடுக்கலை. சீ.

—முழுசாக் கேளு. ஒட்டித் தைக்கறதுக்காக அப்பா வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கார். எடுத்துட்டு வரவே கூடாது, அவருக்கும் தெரியும். உள்ள படம் பூரா கிரேயான் அக்கா. எல்லா இலையும் பச்சை. நான்தான். நாலு வயசு. தீட்டினது ஞாபகம் இல்லை, அடி ஞாபகம் இருக்கு. ஸ்கேல் ஒடியற வரைக்கும் அடிச்சார். அப்புறம் எனக்காகத்தான் மறுபதிப்பை அட்டைக்குள்ள வச்சு ஒட்டியிருக்கார். என் கிறுக்கலுக்கு அவர் பேர் நாறணுமா?

—சாவி அண்ணன் பேர் நாறலாமா?

—நாளைக்கு விட்டுடறேன். ஆதாரம் பத்தலைன்னு எழுதிடறேன். நீ வாயைத் திறக்காம இரு.

—ஆதாரம் பத்தலைன்னா சாகிற வரைக்கும் அவர் திருடன்தான். எவன் வேலை கொடுப்பான்? நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.

—நீ எதுக்கு? இதுல நீ எங்க வந்தே? புழுவைக் காட்டினே, உன் வேலை முடிஞ்சுது. அடி வாங்கினவன் நான், பேசாம இருக்கேன்...

—அதனாலதான்டா.

—என்ன அதனாலதான்?

—ரெண்டு நாளா நானும் பேசாமதான் இருந்தேன். புழுவைக் காட்டியே தப்பிச்சுடலாம்னு பார்த்தேன்.

—என்ன சொல்றே? தப்பிக்க உனக்கு என்ன இருக்கு?

—நல்ல போலீஸ்டா நீ. மூணு வருஷம் வச்சிருந்தியே, ஒரு இலையிலயாவது பச்சை நிறம் கோட்டைத் தாண்டியிருக்கான்னு பார்த்தியா? நாலு வயசுப் பிள்ளை அப்படியா தீட்டும்? எனக்கு அப்போ ஒன்பது. அப்பா உன்னை அடிச்சப்போ கதவுக்குப் பின்னாடி நின்னேன், கிரேயானைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. இன்னொரு தடவை நிக்க முடியாது. போனை எடு... சாவி அண்ணனை விடச் சொல்லு. அப்புறம் பேப்பரை எடுத்து என் பேரை எழுது.