விசிலுக்குத் திரும்பிய நாய்

பெயர் ரெபேக்காள். கணவர் பெயர் ஏசுபாதம். வயது முப்பத்தாறு. தொழில் நர்ஸ். விலாசம் செங்கற்பட்டு, ஏரிக்கரைத் தெரு. 1956ஆம் வருடம் பிப்ரவரி மாதம் சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சொன்ன வாக்குமூலம்.

ராஜபாளையம் நாய் வளர்க்கும் நாங்கள் ஐந்து குடும்பத்தார், இரண்டாம் சனிக்கிழமைகளில் நாய்களோடு வாடகை லாரியில் புதுப்பட்டினம் வந்து, கடலோரமாக மகாபலிபுரம் வரை நடப்போம். எல்லாம் வெள்ளை நாய்கள். தூரத்தில் பார்த்தால் வளர்த்தவருக்கே அடையாளம் பிசகும். என் நாயின் பெயர் மன்னா. வக்கீல் வேதாந்தம் ஐயங்கார் மகளுக்கு நான் பிரசவம் பார்த்ததற்காக, அவர் வீட்டுக் குட்டிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

நேற்றுக் காலை சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் ஐயங்கார் வழக்கம்போல் தம் நாய் சிங்கத்தை அவிழ்த்துவிட்டார். அதைப் பார்த்து மன்னா இழுத்த இழுப்பில் கழுத்துப்பட்டை அறுந்துவிட்டது. மற்ற நாய்கள் பின்னால் கயிற்றோடு வந்தன. சிங்கமும் மன்னாவும் மணல்மேட்டுக்கு அப்பால் மறைந்தன. அதன் பிறகு ஆடு கத்தியது. ஐயங்கார் விசில் அடித்தார். நான் மேட்டைச் சுற்றி ஓடினேன். மன்னா நண்டு வளையைத் தோண்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, சிங்கம் ஐயங்கார் காலடியில் நின்றிருந்தது. அதன் முகம் மட்டும் கழுவிவிட்டதுபோல் ஈரமாக இருந்தது. அவர் வேட்டியும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

அதன் பிறகு பக்கத்து மீனவர் குப்பத்து முனிசாமி செத்த ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "வெள்ள நாயிதான் சாமி. கொரவளையக் கவ்விகினு இருந்துச்சு. விசிலு கேட்டதும் வுட்டுட்டுத் திரும்பி ஓடிச்சு" என்றார். ஐயங்கார் என் முகத்தைப் பார்க்காமல், "அது நம்ம ரெபேக்கா நாய்தான். என் விசிலுக்கு எல்லா நாயும் திரும்பும்" என்றார். இல்லை என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டைக் கொன்ற நாய் நாளை பிள்ளைகள் மேல் பாயும் என்று குப்பத்தார் சொல்ல, மன்னாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் சுட்டுவிடுவதென்று முடிவாகியிருக்கிறது. வெளியே வேப்பமரத்தில் அதைக் கட்டியிருக்கிறது. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. ரைட்டர், "மெதுவா சொல்லும்மா, கை வலிக்குது" என்கிறார். மெதுவாகச் சொல்ல எனக்கு நேரமில்லை.

மன்னாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. வெள்ளை ராஜபாளையத்தில் சில இப்படிப் பிறக்கும். ஐயங்கார் வீட்டில் குட்டிகளுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்து, திரும்பாததை ஏரியில் போட்டுவிடுவார்கள். மன்னா கூடப் பிறந்த குட்டிகள் திரும்பியதைப் பார்த்துத் தானும் திரும்பித் தப்பியிருக்கிறது. எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துபோனது. சொன்னால் திருப்பிக் கேட்பாரோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. காலால் தரையைத் தட்டினால்தான் அது திரும்பும். அதனால் நடையில் ஒருநாளும் கயிற்றை விட்டதில்லை.

இதைக் கேட்டதும் சப் இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தச் சொல்லி, சாட்சி சொல்ல வந்திருந்த ஐயங்காரை மன்னாவுக்குப் பின்னால் நின்று விசில் அடிக்கச் சொன்னார். அவர் சன்னமாக அடித்தார். "நேத்து அடிச்ச மாதிரி அடிங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர். அடித்தார். மன்னா காதைக்கூட அசைக்கவில்லை. தெருவில் நின்ற அவர் வண்டியிலிருந்து சிங்கம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, அவர் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. ஐயங்கார் அதன் தலைமேல் கையை வைத்தார்.

அதன் பிறகு மன்னாவை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்கள். ஐயங்கார் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் சிங்கத்தைச் சுட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். கவ்விய ஆட்டையும் விட்டுவிட்டுக் கூப்பிட்டதும் வந்த நாய் அது. பொய் சொன்னது அதுவல்ல.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதற்குக் கூடவோ குறையவோ இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ஏ. ரெபேக்காள்