முதல் பக்கத்தில் சிவமலர்

தங்க வருகிற ஆள் முதலில் குளியலறைக் கதவைத்தான் திறந்து பார்ப்பார். கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் அப்புறம். அதனால் எங்கள் லோட்ஜில் குளியலறைகளை நானே கழுவுவேன், சார். வேலையாட்களிடம் விட்டதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சபாபதி லோட்ஜ் என்றால் சுத்தம் என்பார்கள்.

ஆனால் சுத்தமாக இருந்து என்ன பிரயோஜனம், கண்ணில் படவில்லையே. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்ததிலிருந்து கிள்ளான், ஈப்போ பக்கத்திலிருந்து வருகிற வியாபாரிகள் நின்றுபோனார்கள். புது ரயில் நிலையம் கட்டுகிறோம் என்று எங்கள் சந்துக்கு முன்னால் தகரத் தட்டி அடித்துவிட்டார்கள். தெருவில் போகிறவனுக்கு என் பெயர்ப்பலகை தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு இறங்கி, கையில் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நேராகத் தம்புசாமி லோட்ஜுக்குப் போவார்கள். அவர் லோட்ஜில் சுவரெல்லாம் ஓதம். படுக்கையில் மூட்டைப்பூச்சி. இருந்தாலும் அங்கேதான் போவார்கள். கேட்டால், இன்டர்நெட்டில் அதுதான் முதலில் வந்தது என்றார்கள்.

நானும் கம்ப்யூட்டர் வாங்கினேன். வகுப்புக்குப் போனேன். நானே உட்கார்ந்து ஓர் இணையப் பக்கம் செய்தேன், படங்களோடு, விருந்தினர்கள் கருத்து எழுத ஓர் இடத்தோடு. பிறகு கோலாலம்பூரில் மலிவான அறை என்று தட்டித் தேடினேன். தம்புசாமி முதல் பக்கத்தில் இருந்தார். நான் இல்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று தட்டிக்கொண்டே போனேன். சிங்கப்பூர் வந்தது, பாங்காக் வந்தது, ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் வாடகைக்கு விடும் படகுகூட வந்தது. நான் வரவில்லை. இன்டர்நெட்டில் தேடித் தருகிற கம்பெனிகளுக்குத் திரும்பத் திரும்ப என் விவரங்களை அனுப்பினேன். சுவரிடம் பேசுவதுபோல் இருந்தது. தப்பு என்ன என்று யாராவது சொன்னால் திருத்திக்கொள்ளலாம். சொல்வதற்கு அங்கே ஆளே இல்லை.

ஒருநாள் டீ குடிக்கப் போகிற மாமாக் கடையில் நாலு பேர் முன்னால் தம்புசாமி சொன்னார், "சபாபதி அண்ணே லோட்ஜு இருக்கிறது கம்ப்யூட்டருக்கே தெரியலையாம்லா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற ராதாகிருஷ்ணன்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தவர். அவர்மேல் குற்றமில்லை, சார், அவர் பொதுவாகத்தான் சொன்னார். தேடுகிற அந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது, அது வார்த்தைகளை எண்ணுகிறது, அவ்வளவுதான் என்றார். பக்கத்தின் அடியில் வெள்ளை நிறத்தின்மேல் வெள்ளை எழுத்தில் ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதி வைத்தால் மனிதர்களுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். அப்படியே செய்தேன். கொஞ்சம் மேலே வந்தேன். ஆனால் எல்லா லோட்ஜுக்காரர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். வேறு யாரும் எழுதாத, ஆனால் நிறையப் பேர் தேடுகிற ஒரு வார்த்தை கையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ராதாகிருஷ்ணன் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கனகேஸ்வரி அம்மா வந்தார்கள். கிள்ளான்காரர். அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. ஒரே மகள் சிவமலர் இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பையனைப் பற்றி வீட்டில் சண்டை, கோபித்துக்கொண்டு போனவள் திரும்பவில்லை. கடைசியாகப் பிரிக்பீல்ட்ஸ் பஸ் நிறுத்தத்தில் பார்த்ததாகச் சொன்னார்களாம். மகளுடைய படம் போட்ட நோட்டீஸை என் கண்ணாடிக் கதவில் ஒட்டலாமா என்று கேட்டார்கள்.

ஒட்டச் சொன்னேன். அதோடு, என் இணையப் பக்கத்திலும் படத்தைப் போடுகிறேன், தகவல் தெரிந்தவர்கள் அங்கேயே எழுதலாம், வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள் என்றேன். நானாகத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் என் மனதில் உதவி செய்யும் எண்ணம் மட்டும்தான் இருந்தது. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"நீங்கள் நல்லா இருக்கோணும், தம்பி," என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய சொந்தக்காரர்கள் லண்டன், டொரோண்டோ என்று பரந்து கிடந்தார்கள். அவர்களும் அவளுக்காக ஒரு பக்கம் தொடங்கினார்கள். தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வந்தது, குடும்பத்தார் இன்டர்நெட் வழியாகத் தேடுகிறார்கள் என்று. உலகம் முழுவதும் தமிழர்கள் அந்தப் பெயரைத் தட்ட ஆரம்பித்தார்கள். சில தமிழ்ச் சங்கங்கள் தங்கள் பக்கத்தில் என் இணைய முகவரியையும் சேர்த்துப் போட்டன. என் பக்கத்துக்கு ஆட்கள் வந்தார்கள், சார். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண் நகர்வதைப் பார்த்துக்கொண்டு சோறு ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது அவள் பெயரை எடுத்து, வெள்ளையின்மேல் வெள்ளையாக, பக்கத்தின் அடியில் நிரப்பினேன். பெயரை எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதினேன். சில நாளில் குடும்பத்தாரின் பக்கம் கீழே போயிற்று, என்னுடையது முதலில் வந்தது. இதில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நான் நினைத்தேன். என் பக்கத்திலும் அதே படம்தானே இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், வெறுமனே கோலாலம்பூரில் அறை என்று தேடினாலும் நான் மேலே வர ஆரம்பித்தேன். ஒருநாள் தம்புசாமிக்கு மேலேயே வந்துவிட்டேன். மாமாக் கடையில் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பழக்கமில்லை.

லண்டனிலிருந்து கனகேஸ்வரி அம்மாவின் அண்ணன் சிவசம்பு வந்தார். தேடி வந்த பக்கத்தில் லோட்ஜ் பெயரும் இருந்ததால் எங்களிடமே தங்கினார். அவர் சொல்லி இன்னும் சில சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாடியில் எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. பகலெல்லாம் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள், சாயங்காலம் கால் வீங்கித் திரும்புவார்கள். அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தோசை வார்க்கச் சொன்னேன். ஒரு குறை வைக்கவில்லை.

நீங்கள் கேட்கிற அந்த முதல் செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார், அதனால் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. பெயர் வேலாயுதம். தமிழ்நாட்டுக்காரர், செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். கடைவீட்டு மாடியில் அவர் இருக்கிற அறைக்கு அடுத்த அறைக்கு ஒருத்தன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தானாம். பத்திரிகையில் வந்த முகம்தான், படியில் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். இப்போது அவன் வெளியில் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறான், உள்ளே அவள் காய்ச்சலில் முனகுகிற சத்தம் கேட்கிறது, தட்டினால் பதிலில்லை, எனக்கு வேலை பெர்மிட் முடிந்துவிட்டது, போலீசிடம் போகப் பயமாக இருக்கிறது, நீங்கள் உடனே வாருங்கள். சந்தைக்குப் பின்னால் எந்த வரிசை, கீழே என்ன கடை என்பதெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார். குடும்பத்தாரின் பக்கம் என்றுதான் நினைத்திருக்கிறார். பெயரைத் தட்டியதும் முதலில் வந்தது நான்தானே.

சிவசம்பு அப்போது கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். நினைத்ததையே சொல்கிறேன். இப்படி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள், முன்பே ஜோகூரில் பார்த்தேன், தாய்ப்பிங்கில் பார்த்தேன் என்று சிலர் எழுதி ஏமாற்றம்தான் மிஞ்சியது, வயதானவரை வீணாக அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதுவும் உண்மை. இன்னொன்றும் நினைத்தேன். அவள் கிடைத்துவிட்டால் நாளைக்கு யார் அந்தப் பெயரைத் தேடுவார்கள்? மாடி காலியாகும். இயந்திரம் என்னை மறுபடியும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். இத்தனை நாள் பட்ட பாடு, சார். அந்த இடம் எனக்கு லேசில் கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அவர்கள் வந்து தங்கிப் போகட்டும், பிறகு சொல்லலாம், ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றியது.

செய்தியை அழித்தேன். மற்றவர்கள் கண்ணில் படக்கூடாதே.

அன்று சாயங்காலம் சிவசம்பு என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் எழுதிக் கிடக்கோ, தம்பி?"

"ஒன்னும் வரலை, அங்கிள்," என்றேன்.

"நல்லாப் பார்த்தனீங்களோ?"

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். பிரார்த்தனை செய்கிறோம், கடவுள் காப்பார் என்று பல ஊரிலிருந்தும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் வெள்ளையாகக் கிடந்த இடத்தையும் பார்த்தார். வெறும் வெள்ளைதான் தெரிந்திருக்கும். பிறகு எழுந்து, நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் அறைக்கு இன்னொரு போர்வை கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் மறுபடியும் எழுதினார். ஏன் யாரும் வரவில்லை, அவன் மூன்று நாளாக அறைப் பக்கமே வரவில்லை, பூட்டு அப்படியே இருக்கிறது, முனகல் சத்தம் குறைந்துகொண்டே போகிறது, பெர்மிட் போனால் போகட்டும், நாளைக் காலை நானே போலீஸ் நிலையத்துக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தார். இந்தத் தடவை மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தார்.

அந்தப் பூட்டை நான் போடவில்லை. இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. போட்டவன் தாய்லாந்தில் ஹாட்யாயில் பிடிபட்டான் என்று சொன்னீர்கள், சந்தோஷம். காய்ச்சலும் நான் கொடுத்ததில்லை. நான் செய்தது எல்லாம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செய்தது.

மற்றது உங்களுக்கே தெரியும். வாடை வந்து, கீழ்க் கடைக்காரர் சொல்லி, உங்கள் ஆட்கள்தான் கதவை உடைத்தார்கள். பத்திரிகையில் செய்தியைப் பார்த்துவிட்டு வேலாயுதம் கிள்ளானுக்குப் போய் கனகேஸ்வரி அம்மாவின் வாசலில் நின்று, உங்களை நம்பித்தானே நான் சும்மா இருந்தேன், ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். இப்போது பெர்மிட் இல்லையென்று அவரைக் குடிநுழைவுக் காவலில் வைத்திருக்கிறீர்களாம். அந்த ஆள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நல்ல மனிதர். முடிந்தால் அவருக்கு ஏதாவது பாருங்கள்.

வேலாயுதம் காட்டிய காகிதத்தில் இருக்கிற மின்னஞ்சல் பதில் என்னுடையதுதான். குடும்பத்தார் எழுதியதுபோல் நான் எழுதினேன். தகவல் கிடைத்தது, போலீசிடம் சொல்லிவிட்டோம், அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம், உங்கள் பெர்மிட்டுக்கு ஆபத்து வரக்கூடாது என்று எழுதினேன். மறுநாள் அந்தப் பக்கத்து அறையில் சத்தம் நின்றுவிட்டதாம். தான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து கூட்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்து அவர் நிம்மதியாகத் தூங்கினாராம்.

இதைத் திட்டம் போட்டுச் செய்த கொலை என்று எழுதப்போகிறீர்கள் என்று உங்கள் சார்ஜண்ட் சொன்னார். நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சார். ஒரு மனிதர் பயந்துபோய் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். யார் எழுதினாலும் அன்றைக்கே பதில் போடுகிறவன் நான். தேடித் தருகிற அந்தக் கம்பெனிகள் பதிலே போடாமல் எனக்குச் செய்ததை நான் ஒருத்தருக்கும் செய்ததில்லை.