மூத்தாருக்கு ஆகாத விண்மீன்

அவையின் நடுவே அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் வைத்திலிங்கம் அவர்களே! முதல் ஷிப்ட் முடித்துக் களைத்தும் முகம் மலர வந்திருக்கும் தோழர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! குறிப்பாக, மூன்றாம் வரிசையில் என்னை முறைத்தபடி அமர்ந்திருக்கும் என்னைப் பெற்ற சந்திரா அம்மையார் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இன்று நாம் வெளியிடுவது ஒரு நாவல். பழுப்பு நிலக்கரியின் சாம்பலைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அகிலா எழுதிய நாவல். கதை நடக்கும் இடம் எது? கடலூரா? குறிஞ்சிப்பாடியா? இல்லை! விருச்சிகத்தின் நெஞ்சில் சிவந்து நிற்கிறதே, அந்தக் கேட்டை விண்மீன்!

கற்பனைக் கதைக்குக் கண்ணால் காணும் விண்மீன் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கவில்லையா? சரி, நானே கேட்டுக்கொள்கிறேன். நம் டவுன்ஷிப்பில் ப்ளாக் எண் இல்லாமல் ஒரு கடிதம் வீடு சேருமா? கதைக்கும் அப்படித்தான். இல்லாத விண்மீனுக்குப் பெயர் வைத்தால் அது எழுதியவருக்கு மட்டுமே சொந்தம். இருக்கிற விண்மீனைச் சொன்னால், வாசித்தவன் மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்ப்பான். அதோ, அங்கேதான் அவர்கள் வாழ்கிறார்கள் என்று நெஞ்சு விம்முவான். ரோகிணி, சுவாதி, சித்திரை, திருவாதிரை! எத்தனை அழகான பெயர்கள்! அவற்றை நாம் எதற்குப் பயன்படுத்தினோம்? பெண்ணை வேண்டாம் என்று சொல்ல!

கைதட்டாதீர்கள் ஐயா. அப்படிச் சொன்னவன் நான்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி இளவழகன் அகிலாவை மணக்க விரும்பினான். அகிலாவுக்கும் விருப்பம். ஜாதகம் பார்த்தோம். பிறந்த நட்சத்திரம் கேட்டை. கேட்டைப் பெண் கணவனின் அண்ணனுக்கு, அதாவது மூத்தாருக்கு, ஆகாதாம். அந்த மூத்தார் யார்? அடியேன் அசோக்குமார்! சுரங்கத்தில் மலை மலையாய் மண்ணை வாரும் எந்திரத்தை ஓட்டுகிறவன், வானத்து விளக்கு ஒன்றைக் கண்டு வெலவெலத்துப் போனேன். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குடா, வேணாம்டா" என்றேன். அன்றிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை. ஊர் சும்மா இருக்குமா? "அசோக்குமார் வூட்டுலயே வேணாம்னுட்டாங்களாம், ராசியில்லாத பொண்ணாம்" என்று பேசிக்கினு இருந்தது.

பிறகு நம் வாசகர் வட்டத்துக்குப் பெயர் எழுதாத கைப்பிரதிகள் வந்தன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. அவற்றில் ஒன்று என்னைக் கட்டிப்போட்டது.

கேட்டையைச் சுற்றும் ஓர் உலகம். வானத்தில் பெருஞ்சிவப்புச் சூரியன். அதன் அருகே, அதைப் பிரியாத சின்னத் துணைச் சூரியன். இந்தத் துணை கற்பனை அல்ல, கேட்டைக்கு உண்மையிலேயே உண்டு! அங்கே ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு. பெண் பூமியிலிருந்து போனவள். மாப்பிள்ளையின் அண்ணன் தொலைநோக்கியில் தேடித் தேடி ஒரு மங்கிய மஞ்சள் புள்ளியைக் கண்டுபிடிக்கிறான். "இதான் அவ பொறந்த நட்சத்திரமா? இது நம்ம குடும்பத்துக்கு ஆவாதே" என்கிறான். அந்தப் புள்ளி எது? நம் சூரியன்! வேண்டாமென்று தள்ளப்பட்டவர்கள் யார்? நாம்! தலைவர் உட்பட, ஜோசியர் உட்பட, நாம் அத்தனை பேரும்!

சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுதேன். அந்த அண்ணன் நானேதான். இதையே அச்சிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதியவர் பெயரைத் தனியே வைத்து ஒட்டியிருந்த உறையைப் பிரித்தேன். உள்ளே அகிலா.

ஆய்வக வாசலில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வேணாம்னு சொன்னது ஊருக்கே தெரியும் சார். மன்னிப்பு மட்டும் எனக்குத் தனியா தெரிஞ்சா போதுமா?" என்றார்.

போதாது! அதனால்தான் ஊரறியச் சொல்கிறேன். கேட்டையின் ஒளி நம்மை வந்து சேர ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகும். அது புறப்பட்ட நாளில் இங்கே சுரங்கம் ஏது? ஷிப்ட் ஏது? இந்த அசோக்குமார்தான் ஏது? என்னை அறியாத விண்மீன் என்னை என்ன செய்யும்? பயந்தவன் நான், பழி சுமந்தவர் அவர். சுமத்திய பழியையே ஒரு புது உலகமாகப் படைத்துக் காட்டிய பேனா அவருடையது! அகிலா, என்னை மன்னியுங்கள்.

அம்மா, "ஒனக்கு ஏதாவது ஆயிட்டா என்னடா பண்ணுவேன்" என்று நேற்றுகூட அழுதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகாதம்மா. அதோ கடைசி வரிசையில் நிற்கும் தம்பி என்னோடு பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். "என்ன ஏன்டா கேக்கற? மொதல்ல அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேளு" என்கிறார்கள்!

போதும், போதும், கூரை பெயர்ந்துவிடப் போகிறது! அகிலா, இந்த மேடையில் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. யோசித்துச் சொல்லுங்கள். என்ன? தலைவரே, கொஞ்சம் நகருங்கள், காதில் விழவில்லை.

அவையோரே, அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நேரமாவுது, புத்தகத்த வெளியிடுங்க மாமா."

மாமா! இத்தனை நாள் சார் என்று அழைத்தவர், கணவனின் அண்ணனை அழைக்கும் முறையில் என்னை அழைத்துவிட்டார். என் பேச்சு முடிந்தது. பொறுமையாகக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். டேய் இளவழகா, முதல் பிரதியை வாங்க மேலே வாடா!