பதினேழாம் எண் வீட்டின் ஞாயிற்றுக்கிழமை

பேட்டி எடுக்கப் போகிற வீட்டில் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும், ஐயா. கொடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார், உட்கார்ந்தவர் பேசுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்.

பெரும்பாறையில் ஜெபக்கூடத்துக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏன் இப்படிச் சரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதியின் கணக்கெடுப்பு மேற்பார்வையாளன் நான். விளக்குகிறேன்.

ஒரு சபையில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. சபைப் பதிவேட்டைப் பார்த்தால் நூற்று நாற்பது. செத்துப்போனவர்களும் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களும் அதில் அடக்கம். ஞாயிறு காலை வாசலில் நின்று தலையை எண்ணினால் அறுபத்திரண்டு. வீடு வீடாகப் போய் "உங்கள் மதம் எது?" என்று கேட்டால் பதினொன்று. ஏனென்றால் கிறிஸ்தவர் என்று சொல்லிவிட்டால் பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லாது. அதை நம்பி வேலையிலோ படிப்பிலோ இருப்பவர்கள் இந்து என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் மதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஆடு மாடு, அடுப்பு, மின்விசிறி என்று பத்துக் கேள்விகளைத் தாண்டிய பிறகு, போன ஞாயிறு காலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் உண்மை வரும்.

பதினேழாம் எண் வீடு பெருமாயியுடையது. புருஷன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக, பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடத்தில் சேர்ந்து, போன ஆண்டு நான் போனபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் மகள் சத்தியபிரியா வத்தலக்குண்டில் விடுதியில் தங்கிப் படித்தாள்.

"ரேசனுக்கா, ஓட்டுக்கா? சொல்லிட்டு எழுதுங்க தம்பி. கக்கூஸ் கட்டித் தர்றோம்னு எழுதிட்டுப் போனவுக இன்னும் திரும்பி வரல" என்றார்.

"ரெண்டுக்கும் இல்லக்கா. சும்மா கணக்கு."

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி வந்ததும் எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"ஜெபத்துக்குத்தான் போனேன். மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்ப போக ஆரம்பிச்சது, விட மனசு வரல. ஆனா சர்டிபிகேட்டுல நாங்க இந்து. எழுதிராதீங்க தம்பி, எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்."

"பேரே எழுத மாட்டோம்க்கா. வெறும் நம்பர்தான். உங்க பேரு எங்கேயும் போகாது."

படிவத்தில் பெயர் கிடையாது என்பது சரிதான். எண்ணையும் பெயரையும் சேர்த்துக் காட்டும் பட்டியல் தனி. அடுத்த ஆண்டு அதே வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அது மேற்பார்வையாளரிடம் இருக்கும்.

அந்த அமைப்பாளர் வேலைக்கு இரண்டாவதாகத் தேர்வாகிக் காத்திருந்தவள் என் மனைவி சண்முகப்பிரியா. நாங்களும் அதே சாதி, பக்கத்து ஊர். இதை மறைப்பது முறையாகாது. ஆனால் பெருமாயியின் சான்றிதழைப் பற்றித் தாசில்தாருக்கு மனு எழுதும்போது நான் என் மனைவியை நினைக்கவில்லை. அரசாங்கப் பதிவு ஒன்று தவறாக இருக்கிறது, திருத்தப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. பெயர், கிழமை, நேரம், இடம் நான்கையும் தெளிவாக எழுதினேன்.

ஒரு ஞாயிறு இரண்டு அதிகாரிகள் வந்து, பாட்டு முடியும்வரை வெளியே நின்று, செருப்பு மாட்ட வந்த பெருமாயியிடம் பெயர் கேட்டார்கள். சான்றிதழ் ரத்தானது. வேலை போனது. ஜூன் மாதம் சண்முகப்பிரியா சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு வயிறாரத்தான் போடுகிறாள்.

அதிகாரிகள் வந்துபோன அடுத்த ஞாயிறே ஜெபக்கூடத்தில் பாதிப் பாய் காலி. எல்லோர் வீட்டிலும் ஒரு சான்றிதழ் இருக்கிறதல்லவா.

இந்த ஆண்டு அதே வீடுகளுக்கு மறுபடி போனோம். பதினேழாம் எண்ணுக்கு வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். கேட்டவரே கேட்டால்தான் இரண்டு ஆண்டையும் ஒப்பிட முடியும் என்பதால் நானே போனேன். பெருமாயி எஸ்டேட்டில் மிளகு பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு சத்தியபிரியாவும் கூடப் போகிறாள். நான் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

"போன ஞாயித்துக்கெழமை எங்கக்கா இருந்தீங்க?"

"எங்க போறது? இங்கனதான் கெடந்தேன்." எதிர்வீட்டை முகவாயால் காட்டினார். "அந்தா இருக்கானே மாயாண்டி, அவன் சோலிதான் தம்பி. கோழிக்காகப் போட்ட சண்டைய மனசுல வச்சுக்கிட்டு எழுதிப் போட்டுட்டான். அவன் பொஞ்சாதி செத்ததுக்குக்கூட நான் போகல. நீங்க நாலு வீடு போய் வர்றவுக. சொல்லுங்க, அவன்தானே?"

பேட்டி எடுப்பவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. 'எங்கும் செல்லவில்லை' என்ற இடத்தில் குறியிட்டேன்.

அறுபத்திரண்டு பத்தொன்பதானது இப்படித்தான், ஐயா. எண்ணியதில் பிழை இல்லை. அறிக்கையில் சரிவுக்கான காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு குருநாதன் என்று என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கெடுப்பில் நான் சொன்ன ஒரே பொய் அந்தத் 'தெரியவில்லை'தான்.