மூன்றாம் தடவை கேட்டபோது

"என் துணிக்கொடியில உன் வயர் எதுக்குடா தொங்குது? சர்ச்சுக்குக் கட்டுற வெள்ளைத் துணிடா இது! துருக்கறையோட ஆண்டவர் முன்னாடி போய் நிக்கச் சொல்றியா?"

"வயர்ல துரு ஏறாது ஆன்ட்டி. துரு உங்க கொடிக்கம்பியோடது."

"கேட்டீங்களா எல்லாரும்? கூரைமேல பால் டின்னைக் கட்டிவச்சவன் எனக்குத் துருவைப் பத்திப் பாடம் எடுக்கறான்!"

முற்றத்தில் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்த உலக்கைகள் நின்றுவிட்டன. எங்கள் வளவில் உலக்கை நின்றால் எல்லோரும் காது கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் வயர் சரியான இடத்தில்தான் இருந்தது. நீங்கள் இப்போது குடிவந்திருக்கும் அறையை அன்று அப்படிக் கத்திய ஃபோரிவா ஆன்ட்டி ஏன் காலி செய்தார் என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். உட்காருங்கள். உங்கள் சார்ஜரில் ஒரு முனைதான் விட்டுப்போயிருக்கிறது. பற்றவைத்த ஈயம் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

எனக்கு இது தொழில் இல்லை. பகலில் பந்தாமா சந்தையில் டயர் விற்கிறேன். சாயங்காலம் வந்து, பிறர் தூக்கியெறிந்த ரூட்டரைப் பிரித்து உட்கார்ந்துவிட்டால் பசி தெரியாது. செத்த பெட்டியில் மறுபடி விளக்கு மினுங்குகிறபோது வருகிற சந்தோஷத்தைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இந்த வளவின் எல்லா அறைக்கும் இன்டர்நெட் என் கூரையிலிருந்து, பால் டின்னில் நான் செய்த ஆன்டெனா வழியாகத்தான் போகிறது. இலவசம். நான் கொடுக்க ஆரம்பித்த பிறகு இங்கே யாரும் ஃபோனுக்கு டேட்டா வாங்குவதில்லை.

சுவரில் வரிசையாக இருப்பவை அழைப்புமணிப் பொத்தான்கள். அறைக்கு ஒன்று. அழுத்தினால் அந்த அறைக்கு மட்டும் நிற்கும், மறுபடி அழுத்தினால் வரும். பிள்ளைகள் படிக்காமல் படம் பார்த்தால் தாய்மார்களே வந்து, "மாஸ்டர், கொஞ்சம் அமுக்குங்க" என்பார்கள். யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. யார் எங்கே போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது மட்டும் தானாகத் தெரியும். உபவாச வாரம் முழுக்க நம் வளவுப் பாஸ்டர் மல்யுத்தம் பார்த்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரி அட்டாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஃபோரிவா ஆன்ட்டியின் மகள் செர்வா ஜெர்மனியில் தாதியாக இருந்தாள். அவளுக்கும் நியார்கோவுக்கும் சம்பந்தம் முடிவானது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மாப்பிள்ளை வீட்டார் முற்றத்துக்கு வருவது, பெண் திரையில் வருவது என்று பேசிக்கொண்டார்கள். ஆன்ட்டி உடனே இன்டர்நெட் கம்பெனி ஆளைக் கூட்டிவரக் கிளம்பினார்.

"பால் டின்னை நம்பி என் பொண்ணைக் குடுக்க முடியாது. அறுந்துபோச்சுன்னா?"

செர்வாதான் தடுத்தாள். "அம்மா, நான் தெனமும் உன்கூடப் பேசறது யார் லைன்ல? மாஸ்டரே செய்யட்டும்." பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அண்ணே, அம்மா வாய் அப்படித்தான். உங்களை நம்பித்தான் இருக்கேன்."

நல்ல பெண். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பந்தலில் என் பெரிய டிவியை வைத்தேன். ஆன்ட்டியின் அறை லைனிலிருந்தே இழுத்துக் கொடுத்தேன். என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. வழக்கம் உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஷ்நாப்ஸ் மதுப் பாட்டிலைக் காட்டிப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்பார்கள். மூன்றாவது 'ஆமாம்' வராமல் பாட்டிலைத் தொடமுடியாது.

"செர்வா, இந்தப் பாட்டிலை வாங்கிக்கலாமா? வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்க வச்சிடாதே."

"வாங்கிக்கோங்க."

பந்தலே கைதட்டியது. படம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. யாரும் திரும்பி என் ஜன்னலைப் பார்க்கவில்லை.

இரண்டாம் தடவையும் கேட்டார்கள், சொன்னாள். அப்போது ஆன்ட்டி மைக்கை வாங்கினார். ஆண்டவருக்கு நன்றி, பாஸ்டருக்கு நன்றி, ஜாலஃப் சோறு ஆக்கியவளுக்கு நன்றி, நாற்காலி வாடகைக்காரனுக்குக்கூட நன்றி. கடைசியில் கூரையைக் காட்டினார். "இந்தப் பால் டின் இன்னும் அறுந்து விழாம இருக்கே, அதுவும் ஆண்டவர் செயல்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நியார்கோவும் சிரித்தான். திரையில் செர்வாவும் சிரித்தாள்.

மூன்றாம் தடவை கேட்டார்கள். செர்வா தலைகுனிந்தாள். கண்ணைத் துடைக்கவோ என்னவோ, கையைத் தூக்கி ஃபோன் பக்கம் கொண்டுவந்தாள். திரை கறுத்துவிட்டது.

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி தன் ஃபோனைத் தட்டினார், குலுக்கினார், ஒன்றும் வரவில்லை. நியார்கோ தன் ஃபோனை எடுக்கப் பையில் கைவிட்டான். அவனுடைய தாய்மாமன், "வைடா உள்ளே. பொண்ணு பெரியவங்களுக்குப் பதில் சொல்லணும், உனக்கில்ல" என்றார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். பின்னாலேயே ஆன்ட்டி, செருப்புகூட இல்லாமல்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. லைன் அறுந்துதா? அறுந்துச்சுன்னா காத்திருக்கறோம். அவளே ஃபோனை வச்சிட்டான்னா கெளம்பறோம்."

"அறுந்துபோச்சுன்னு சொல்லுப்பா," என்றார் ஆன்ட்டி. "உன் கால்ல வேணா விழறேன். சொல்லு."

அறுந்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? அறுந்துபோகும் என்று அத்தனை பேர் எதிரில் சிரித்தவர் அவர்தானே.

"லைன் நல்லாத்தான் இருக்கு மாமா. பாருங்க, பெட்டியில பச்சை விளக்கு எரியுது."

எரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். திரும்பிப் போய்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றச் சொன்னார். ஆன்ட்டி அங்கேயே, என் ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பகல் முழுக்கச் செர்வா தன் தாயைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆன்ட்டியின் அறைக்கு மட்டும் லைன் வரவில்லை. பொழுது சாய்ந்தபிறகு வந்தது. "நான் ஆமாம்னுதானே சொன்னேன்? யாருக்குமே கேக்கலையா?" என்று அவள் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அவ்வளவு தெளிவான லைன். நியார்கோவிடமும் அழுதாள். அவன் பாதி நம்பினான். மாமன் நம்பவில்லை. "பாட்டிலைத் திருப்பித் தூக்கிட்டு வந்த வாசலை நான் மறுபடி மிதிக்க மாட்டேன். லைன் போட்டவனே சொல்லிட்டான்" என்றார்.

வளவில் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அங்கே வெள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்றார்கள், குழந்தைகூட இருக்கிறது என்றார்கள். குழந்தை எல்லாம் இருக்காது என்று நான் சொன்னேன். வெள்ளைக்காரனைப் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் அந்தப் பொத்தான்களையே பார்க்கிறீர்கள். ஆமாம், நான்தான் அழுத்தினேன். அவள் கை ஃபோனுக்குப் பக்கத்தில் வருகிறவரை பொறுத்திருந்து அழுத்தினேன். கை வராவிட்டால் அழுத்தியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மாமன் வந்து கேட்டபோதுகூட என் கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. இன்னொரு தடவை அழுத்தியிருந்தால் அவள் வந்திருப்பாள். ஆனால் அவர் கேட்டது லைன் அறுந்ததா என்று. அறுந்திருக்கவில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நியார்கோ அடுத்த வருஷம் அவர்கள் சபையிலேயே ஒரு டீச்சரைக் கட்டினான். டீச்சரின் அண்ணன் துபாயிலிருந்து பார்க்கவேண்டும் என்றார்கள். மாமன் வேறு யாரையும் நம்பவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். மூன்று 'ஆமாம்'களும் துபாய்வரை மணி அடித்தாற்போலக் கேட்டன. மாமன் மைக்கைப் பிடித்து என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஃபோரிவா ஆன்ட்டி டெமாவிலுள்ள தங்கை வீட்டுக்கே போய்விட்டார். செர்வா இன்னும் கட்டிக்கொள்ளவில்லை, ஊருக்கும் வரவில்லை. தாயைக் கூப்பிட்டாலும் முகம் காட்டுவதில்லையாம், குரல் மட்டும்தானாம். லைனில் குறை இருக்காது, அவளுக்கே விருப்பமில்லை போல.

இந்தாருங்கள் சார்ஜர். ஆறிவிட்டது. உங்கள் அறைக்கு அந்த மூன்றாவது பொத்தான். கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஆனால் நன்றாக வேலை செய்கிறது.