எதையும் மறக்காத பெட்டி

அதான் சொல்றேனே தம்பி, போன்ல ரிப்பேர் ஒண்ணும் இல்ல. எதையாவது அடிச்சுத் தேடுவோமே, அந்தப் பெட்டி, போன வாரம் மாத்திக் குடுத்தீங்கல்ல? அதை மறுபடி பழசாவே வச்சுக் குடுங்க. அவ்ளோதான்.

இல்லல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. நான்தான வந்து புலம்பினேன். மூட்டு வலிக்கு எண்ணெய் இருக்கான்னு ஒரே ஒரு தடவை கேட்டேன், அன்னையிலேர்ந்து எதைத் தொறந்தாலும் விளம்பரத்துல யாரோ ஒருத்தர் முட்டியைத் தடவிக்கிட்டு நிக்கிறார்னு. நீங்களும் பொறுமையா நாலு புதுப் பெட்டி போட்டுக் காட்டினீங்க.

எல்லாத்தையும் பார்த்துட்டேன். நாம தேடத் தேட வர்ற காசுல எங்கயோ மரம் நடுறாங்களாமே, அது மனசுக்குப் பிடிச்சுது. வீட்டுல எனக்கு வேற என்ன வேலை? நாள் பூரா எதையாவது தேடிக்கிட்டே கெடந்தேன், இந்நேரம் ஒரு தோப்பே வந்திருக்கும். போட்டோ காட்டினா பேர் சொல்லுதே இன்னொண்ணு, அதுக்கு ஜன்னல்ல இருக்குற தொட்டிச் செடியைக் காட்டினேன். பேரும் சொல்லிச்சு, இலை மஞ்சளானா தண்ணி ஜாஸ்தின்னும் போட்டிருந்துச்சு. என்னை அதட்டவும் ஒண்ணு வேணும்தானே.

ஆனா எதையுமே ஞாபகம் வச்சுக்காதுன்னு ஒண்ணை முன்னாடி வச்சீங்களே, அதான் தம்பி ஒத்து வரல. எண்ணெய்க்காரர் வர்றதில்ல, வாஸ்தவம். ஆனா ஒரு எழுத்து அடிச்சா ஊர்ல இருக்குறவங்க தேடுறதையெல்லாம் காட்டுது. எங்க வீட்டுல தேடினதைக் காட்ட மாட்டேங்குது.

பழசுல அப்படி என்ன இருக்குன்னா... இருக்கு. அழிச்சிடலையே நீங்க? ஓரமாத்தான் வச்சிருக்கீங்களா? நிச்சயமா? அப்பாடா. ஒரு வாரமா சோறு இறங்கல எனக்கு.

ஆச்சா? குடுங்க. ம... னை... இந்தா, வந்துடுச்சு. படிங்க. மனைவி நிறுத்தாம பேசினா என்ன செய்யணும். சிரிங்க சிரிங்க, பரவால்ல.

நானா? நான் ஏன் அதைத் தேடப் போறேன்? இது எங்க வீட்டுக்காரரோட போன் தம்பி. அவர் தவறினதுக்கு அப்புறம்தான் என் கைக்கு வந்துச்சு. முதல்ல இதைப் பார்த்தப்ப வந்துச்சே ஒரு கோவம்! சண்டை போடலாம்னா ஆள் இல்ல.

கீழ பாருங்க, எவ்ளோ பேர் பதில் எழுதி வச்சிருக்காங்க. தொறந்து பார்த்தா அந்த வரி கலர் மாறிடும்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணுகூட மாறல பாருங்க. நானும் தொடறதில்ல, மாறிடப் போகுதேன்னு. கேட்டாரே தவிர, மனுஷன் எதையும் படிக்கல. நான் பக்கத்துல வந்து ஏதாவது சொல்ல ஆரம்பிச்சிருப்பேன். போனைக் கீழ வச்சிருப்பார்.