மணிக்குள் நிற்கப்போகும் அக்காவுக்கு

அவைத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நூலக ஆசிரியை அவர்களே! சிறுகதைப் போட்டியில் என் கதைக்குப் பரிசளித்த மணிப் பட்டறைத் தலைவர் ஐயா அவர்களே! வெண்கலத்தை உருக்கி ஊருக்கெல்லாம் ஓசை வார்த்த பெரியோர்களே! உலைச் சூடு ஆறுமுன் ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் பெஞ்சைத் தட்டும் என் தோழிகளே! அனைவருக்கும் வணக்கம்.

முதல் வரிசையில் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குத் தனி வணக்கம். அவருக்காகத்தான் மெதுவாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நடுவர்களுக்கு எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வார்த்த மணி ஆறும்வரை பட்டறையே ஒரு கனவுக்குள் இருக்கும். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் தூசியில் நீந்தும். பிறகு மணியை ஏற்றிக் கட்டுவார்கள். அது தன் முதல் மணி என்றால், அதை வார்த்தவர் அதன் வாய்க்குள் தலை நுழைய, காதை மூடாமல், ஏழு முறை முழங்கும்வரை நிற்க வேண்டும். காது கேட்காமல் போனால், 'மணி ஏற்றுக்கொண்டது' என்போம். கேட்டுக்கொண்டே இருந்தால்? 'இன்னும் பழுக்கவில்லை' என்போம்!

மணி அம்மாவை ஏற்றுக்கொண்டபோது நான் ஐந்து மாதக் குழந்தை. தொட்டிலில் வீறிட்டேனாம். அம்மா முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாராம். நான்கு வயது அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாளாம். அன்றிலிருந்து அம்மாவின் காது அக்காதான்.

என் கதையிலும் ஒருத்தி மணிக்குள் நிற்கிறாள். ஓசை பொன்மழையாகப் பொழிகிறது. அவள் காதுகளிலிருந்து சொற்கள் வெள்ளைப் பறவைகளாகப் பறந்து போகின்றன. அவள் புன்னகைக்கிறாள்... கைதட்டுகிறீர்களா? வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் படித்தாள்.

"ஏய் புத்தகப்பூச்சி, சூப்பரா எழுதியிருக்கடி!"

"நெஜமாவா?"

"பயமே போயிடுச்சு. காதுக்குள்ள பஞ்சை ஒளிச்சு வச்சிக்கலாம்னு இருந்தேன். இப்ப வேணாம். அந்தப் பறவையைப் பாக்கணும்போல இருக்கு."

"அக்கா, அது கதைக்கா!"

"கதைன்னாலும் நீ பொய் சொல்ல மாட்டியே."

பொய்தான் சொல்லியிருந்தேன், அவையோரே! அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எழுதியிருந்தேன். அன்றுதான் 'மணிக்குள் பறவைகள் பறந்தனவா?' என்று நோட்டில் எழுதி நீட்டினேன். அம்மா வீடே அதிரச் சிரித்தார்.

"பறவையா? மண்ணாங்கட்டி! குளவி கொட்டுன மாதிரி இருந்துச்சு. இன்னும் உள்ள ரீங்காரம் நிக்கல." பிறகு என் கன்னத்தைத் தொட்டார். "உன் அழுகை எனக்கு ஞாபகம் இருக்குடி. பேச்சு எப்படியிருக்கும்னுதான் தெரியாது."

ஊருக்கு ஓசை தருபவருக்கு மகளின் குரலைத் தராத வழக்கம் எதற்கு? காதைப் பறித்துக்கொண்டு கௌரவம் தரும் வழக்கம் யாருக்கு? காயத்துக்குச் சிறகு கட்டிக் கதையாக்கிய என் பேனாவை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

"வழக்கத்தை விட்டா மணி கோவிச்சுக்காதா பாப்பா?" என்கிறார் அங்கே ஒரு பெரியவர். ஐயா, கேட்காத காதோடு தட்டிப் பார்த்து 'நாதம் பிரமாதம்' என்கிறீர்களே, அதற்கே கோபிக்காத மணி இதற்கா கோபிக்கும்? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்!

நாளைக் காலை அக்கா தன் முதல் மணிக்குள் நிற்கப்போகிறாள். ஆகவே என் கதையின் முடிவை இந்த மேடையிலேயே மாற்றுகிறேன். அவள் மெழுகில் தோய்த்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மணி ஏழு முறையும் முழங்குகிறது. வீட்டுக்கு வருகிறாள். தங்கை மாடியிலிருந்து கூப்பிடுகிறாள். "இதோ வர்றேன்" என்கிறாள். கதை முடிந்தது. பரிசுக்குரிய முடிவுதானா என்பதை நடுவர்கள் சொல்லட்டும்.

அம்மா ஏன் எழுந்துவிட்டார்? அக்காவின் உள்ளங்கையைப் பிரித்து எதையோ வைத்து மூடுகிறார். இங்கிருந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு சிட்டுக்குருவி அளவுகூட இல்லை.

என் பேச்சைக் கேட்ட காதுகளுக்கு நன்றி. கேட்க முடியாமலும் கடைசிவரை அமர்ந்திருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்.

அக்கா, நாளைக்கு மாடியிலேருந்து கூப்பிடுவேன். பதில் சொல்லு.